பயம் வந்தா வா

சாத்தூரில் அந்தத் தியேட்டர் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போதே பார்த்துவிட்டேன். வெள்ளை வண்டி. பின்கதவு திறந்து கிடந்தது. மேலே சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண்ணை ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நர்ஸாம். காலில் கொலுசும் கையில் பொரிகடலைப் பொட்டலமுமாக இருந்தாள். நர்ஸ் என்று சொன்னால் நம்ப வேண்டியதுதான். வண்டி மேல் கட்டியிருந்த தட்டியில், 'இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உள்ளே வராதீர்கள். மயங்கி விழுவோருக்கு உடனடி சிகிச்சை உண்டு' என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே ரத்தம் சொட்டும் எழுத்தில் படத்தின் பெயர்: சாமந்தி பங்களா.

மதுரையிலோ மெட்ராஸிலோ இந்த வேலை எடுபட்டிருக்கும். சனங்கள் சிரித்துவிட்டு டிக்கெட் வாங்கியிருப்பார்கள். பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த இந்தக் காட்டில் ஆம்புலன்ஸை வைத்து விளையாடலாம் என்று எந்தப் புத்திசாலிக்குத் தோன்றியதோ, தெரியவில்லை.

எங்களுக்குப் பின்னாலேயே வெம்பக்கோட்டை பஸ் வந்து நின்றது. இறங்கிய பொம்பளைகள் வண்டியைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். பை, குடை, பிள்ளை என்று கையில் இருந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"எந்தக் கம்பெனி? ஏய்யா, எந்தக் கம்பெனி?"

டிரைவர் பல்லைக் காட்டினான். "கம்பெனியும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. சினிமாவுக்கு நிக்கிது."

"சினிமாவுக்கா?"

"பேய்ப்படம். பயந்து விழுந்தா தூக்கிட்டுப் போகணும்ல?"

ஒரு அம்மா குனிந்து மண்ணை அள்ளி அவன் மூஞ்சியில் வீசினாள். "நாசமாப் போறவனே! எம் மகன் அங்கன வேலைக்குப் போயிருக்கான்டா. ஈரக்கொலையே அந்து போச்சேடா பாவி!" என்றவள், நெஞ்சில் கையை வைத்து ரோட்டோரத்திலேயே சரிந்துவிட்டாள். நிஜ மயக்கம். ஸ்டூலில் இருந்தவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீக்கடைக்காரர்தான் சோடா உடைத்து ஓடி வந்தார். அந்தப் படத்தால் மயங்கி விழுந்தது அந்த ஒருத்திதான். அவளும் டிக்கெட் எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மாரிக்கண்ணன் அந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ பேச்சி, வண்டியப் பாத்தியே, ஒனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"இல்லையே."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "சரி வா. உள்ள போயிப் பாப்போம்" என்றார்.

எனக்குப் பயம் விட்டுப் போயிருந்தது. அதை வரவழைக்கத்தான் அந்தப் படத்துக்கு வந்தோம். சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் முத்துப்பேச்சி. பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை. வெடிக்குள் போகிற ரசாயனப் பொடியைத்தான் நாங்கள் மருந்து என்போம். அந்த ரூமில் என் இடது கைப் பக்கம் உட்காருகிறவள் வேல்விழி. கல்யாணம் ஆகாத பிள்ளை. அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை இந்த ஜில்லாவில் தேடினாலும் கிடைக்காது. பல்லி கத்தினால் பயம். இடி இடித்தால் பயம். யாராவது சட்டியைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் போதும், "யக்கா, மெதுவா" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். நகம் பதியும். நாங்கள் எல்லாரும் கேலி செய்வோம். போர்மேன் சங்கிலிமுத்து அண்ணாச்சி மட்டும் சிரிக்க மாட்டார். "ஏ புள்ளைகளா, இவ பயப்படுறதுனாலதான் இந்த ரூம் இன்னும் நிக்கிது" என்பார்.

போன சீசனில் ஒரு நாள், வெயில் ஏறிய பிறகும் வேலை ஓடியது. ஏறு வெயிலில் மருந்தைத் தொடக் கூடாது. ஆர்டர் நெருக்கினால் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? நான் தண்ணீர் குடிக்கத் தொட்டிப் பக்கம் வந்தேன். செம்பை வாயில் வைத்தேன். எனக்குப் பின்னால் ரூம் வெடித்துப் போய்விட்டது. வேல்விழிக்கு அன்றைக்குப் பயப்படக்கூட நேரம் கிடைத்திருக்காது.

எல்லாரும் கத்திக்கொண்டு கண்மாய்ப் பக்கம் ஓடினார்கள். நான் ஓடவில்லை. செம்பில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்தேன். குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். அழுகை வரவில்லை, பதற்றம் வரவில்லை. வேல்விழியின் அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறியபோது, நான் பந்தலில் கட்டியிருந்த டியூப் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தே இருந்து மரத்துப்போன காலைக் கீழே ஊன்றினால் எப்படி இருக்கும்? உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

கம்பெனி மறுபடி திறந்ததும் வேலைக்குப் போனேன். வேறு ரூம், வேறு ஆட்கள். போன அன்றைக்கே ஒருத்தி மருந்துச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். மற்றவர்கள் வெளியே பாய்ந்தார்கள். நான் உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே கொட்டியதைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். சங்கிலிமுத்து அண்ணாச்சி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அவருக்கு வேர்த்து ஒழுகியது.

"ஆத்தா, ஒனக்குப் பயம் விட்டுப் போச்சு. பயம் இல்லாத ஆளை நான் மருந்து ரூம்ல வைக்க மாட்டேன். நீ சாகுறது மட்டுமில்ல, பக்கத்துல உள்ளவளையும் சேத்துக் கொன்னுருவ. வீட்டுக்குப் போ. பயம் வந்தா வா" என்றார்.

வேலை போனதைக்கூட விடுங்கள். என் மகள் பானுப்பிரியா ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு மத்தியானம் வாசலில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுப் பக்கம் ஒரு கட்டுவிரியன் ஊர்ந்து வந்தது. நான் பார்த்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. உடம்பு எழுந்திருக்கவில்லை. அடுத்த வீட்டு தேவமணி டீச்சர் பார்த்துவிட்டு, "ஏசப்பா!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினார். டீச்சரின் இடுப்பில் இருந்தபடி பானு என்னைப் பார்த்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பானு என்னிடம் வரவில்லை. சாப்பாடும் தூக்கமும் டீச்சர் வீட்டில்தான். நான் கூப்பிட்டால் நடைக்கு அந்தப் பக்கமே நின்று, "என்னம்மா?" என்பாள். பாம்பைக் கண்டு பயப்படாத தாயைக் கண்டு பிள்ளை பயப்படாமல் என்ன செய்யும்? எனக்குப் பயம் திரும்பினால்தான் பிள்ளை திரும்புவாள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பயந்த பிள்ளைக்கு விபூதி போட இங்கே தெருவுக்கு ஒரு ஆள் உண்டு. பயம் வருவதற்கு விபூதி போட யாருக்கும் தெரியவில்லை. கோயில் பூசாரி, "என்னத்தா, தலைகீழாக் கேக்குற?" என்று திருதிருவென்று விழித்தார். டீச்சர் தினமும் ஜெபம் பண்ணினார். இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டுக்காரர் தான் வேலை பார்க்கிற சிவகாசிப் பிரஸ்ஸிலிருந்து அந்தப் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க மிஷின்லதான் அடிச்சோம். ஓடும்போதே பயலுக கிட்ட நிக்க மாட்டேன்னுட்டானுக. தேனியில படம் பாத்த ஒரு ஆளுக்குப் பேச்சே வரலையாம். பாட்டு கிடையாது, பைட்டு கிடையாது, எல்லாம் புது ஆளுக. கையில காசில்லாம எடுத்திருக்கானுக. அதனால உள்ளது உள்ளபடி எடுத்திருப்பானுக, பேச்சி."

காசில்லாமல் எடுத்தால் உள்ளது உள்ளபடி வரும் என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தாரோ! ஆனால் சொல்லும்போது அவர் கண்ணில் அவ்வளவு ஆசை. நான் சரி என்றேன்.

படம் சாத்தூருக்கு வந்த அன்றைக்கே மேட்னி. உள்ளே வெக்கை. எங்கேயோ மேலே ஒரு ஃபேன் லொடலொடத்துக்கொண்டிருந்தது. கூட்டம் நிரம்பி வழிந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள் ஒருத்தி மடியில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு அணைந்ததும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் நெஞ்சில் கையை வைத்துக் காத்திருந்தேன்.

ஒரு பங்களா. கதவு கிரீச்சிட்டது. ஒரு பெண் மெழுகுவத்தியோடு நடந்தாள். கதவு மறுபடி கிரீச்சிட்டது. மறுபடி நடந்தாள். அதே நடையை இன்னும் நாலைந்து தடவை நடந்தாள். பின்வரிசையில் ஒருவன், "யக்கா, பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றான். தியேட்டரே சிரித்தது.

பேய் வந்தது. வெள்ளைச் சேலை, சவுரி முடி, ரப்பர் முகமூடி. சேலைக்குக் கீழே நீல வார் வைத்த செருப்பு தெரிந்தது.

"ஏ, பேய்க்குச் செருப்பு கடிக்குது போல, நொண்டுதுலே!"

"டேய், பேய்க்கு நடக்கச் சொல்லிக் குடுத்த வாத்தியார் எங்கடா?"

விசில் பறந்தது. இடைவேளைக்குள் பாதிப் பேர் கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். இவர் முன்சீட்டு முதுகை வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிரஸ்ல பாக்கும்போது நல்லா இருந்துச்சு" என்றார். பாவமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். எனக்கு அதுவும் வரவில்லை.

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தது. என் இடது பக்கத்து சீட் காலி. ஸ்பிரிங் போன சீட். அதில் யாரும் உட்காரவில்லை.

முதலில் வாசனை வந்தது. கந்தகம். அதோடு சேர்ந்து தலையில் வைத்த கனகாம்பரம் தீயில் பட்டால் வருகிற ஒரு நெடி.

இடது பக்கத்து சீட் கிரீச்சிட்டது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது.

அந்தப் பிடி எனக்குத் தெரியும்.

"யக்கா, பேய் வந்துருச்சா?"

திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களில் வெள்ளி நிறத்தில் மருந்துப் பொடி ஒட்டியிருந்தது. விரல் இடுக்கு வழியாக முகம் தெரிய வேண்டும். சீட்டின் முதுகில் இருந்த கிழிசல் தெரிந்தது.

"இன்னும் வரலை" என்றேன்.

"வந்தாச் சொல்லுக்கா. நான் பாக்க மாட்டேன்."

பேய் வந்தது. நான் சொல்வதற்குள் டம் என்று மியூசிக் போட்டுவிட்டார்கள்.

வேல்விழி கத்தினாள்.

அப்படி ஒரு சத்தத்தை அந்தத் தியேட்டர் கேட்டிருக்காது. அடிவயிற்றில் இருந்து வந்த அலறல். விசில் நின்றது. சிரிப்பு நின்றது. தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

இவர் என் தோளைப் பிடித்தார். "யாரு கத்துனது?"

"வேல்விழி."

அவர் என்னைப் பார்த்தார். என் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எந்திரி, போவோம்."

"கையைப் பிடிச்சிருக்கா. படம் முடியட்டும்."

அவர் அதற்குப் பிறகு திரையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கந்தர் சஷ்டியை முணுமுணுத்தார்.

நான் குனிந்து அவளிடம், "ஒண்ணுமில்லடி. ரப்பர் மூஞ்சி. செருப்பு போட்டிருக்கு" என்றேன்.

"பொய் சொல்லாதக்கா. பேய் செருப்பு போடுமா?"

"நீல வாரு. நீயே பாரு."

"மாட்டேன்."

பேய் வந்தபோதெல்லாம் அலறினாள். மணிக்கட்டில் பிடி இறுகி இறுகித் தளர்ந்தது. அந்தப் படத்துக்கு நியாயமாகப் பயந்தது அவள் ஒருத்திதான். செத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் நெஞ்சு ஒரே சீராக அடித்தது. இதற்கும் வரவில்லை என்றால் இனி எதற்கு வரும் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் ஏமாந்தது படத்தில் இல்லை, என்னிடத்தில்தான்.

வெளியே வரும்போது சனங்கள் திட்டித் தீர்த்தார்கள். "கதை குப்பைலே. அந்தப் பொம்பளை கத்துற சவுண்டு மட்டும் சூப்பர்" என்று ஒருவன் சொல்லிக்கொண்டு போனான். அடுத்த காட்சி பார்த்தவர்கள் அந்தச் சத்தம் வரவே இல்லை என்று சண்டை போட்டார்களாம். பிறகுதான் கேள்விப்பட்டோம்.

வாசலில் ஆம்புலன்ஸ் இன்னும் நின்றது. அதைப் பார்த்ததும் என் மணிக்கட்டில் நகம் பதிந்தது. அவள் போகவில்லை.

சில நாள் கழித்துக் கம்பெனிக்குப் போனேன். சங்கிலிமுத்து அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் கவனிக்காத நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் ஒரு குருவி வெடியைப் போட்டார். என் இடது கையைத் தூக்கிவாரிப் போட்டது. டம்ளர் தெறித்து விழுந்தது. அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துருச்சா ஆத்தா?"

"வந்துருச்சு அண்ணாச்சி."

பயம் வந்திருந்தது உண்மை. அது என்னுடையது இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? மறுபடி மருந்து ரூமில் உட்கார்ந்தேன். சட்டியைத் தரையில் இழுத்தால் மணிக்கட்டில் அவள் பிடி இறுகும். வெயில் ஏறினால் பிடி இறுகும். இறுகியதும் நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன். ஒரு நாள் அப்படி வந்தபோது மற்றவர்களும் என் பின்னாலேயே வந்தார்கள். சற்று நேரத்தில் உள்ளே சட்டியில் இருந்த மருந்து சூடேறிப் புகைந்தது. மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். அதற்குப் பிறகு ரூமில் எல்லாருக்கும் என் கை மேல்தான் கண். "முத்துப்பேச்சி எந்திரிச்சா எந்திரிச்சிரு" என்று பேசிக்கொண்டார்கள்.

சாயந்திரம் வேலை முடிந்ததும் தொட்டியில் குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் வேனில் ஏற வேண்டும். மருந்து படிந்த துணியோடு அடுப்புப் பக்கமோ விளக்குப் பக்கமோ போனால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அதுவும் தானாகத் தோன்றாது. அவள்தான் கையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

இவ்வளவு நடந்தும் பானு வரவில்லை. அம்மாவுக்குச் சரியாகிவிட்டது என்று டீச்சர் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பாள். பிறகு டீச்சரின் சேலைக்குப் பின்னால் போய்விடுவாள். பிள்ளையை யாரால் ஏமாற்ற முடியும்?

ஒரு நாள் மத்தியானம் மணிக்கட்டில் பிடி இல்லை. வளையல் கழன்றது போல வெறுமையாக இருந்தது. போய்விட்டாள் போல என்று நினைத்தேன். வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. வேலையைப் பார்த்தேன். சாயந்திரம் வேனில் ஏறினேன். பக்கத்தில் இருந்தவள் தூங்கிவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இவர் பிரஸ்ஸிலிருந்து வந்திருக்கவில்லை. டீச்சர் ஜெபக் கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில், நான் வருகிற நேரம்தானே என்று பானுவை எங்கள் வீட்டில் விட்டு, சிம்னி விளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் பிள்ளை என் வீட்டுக்குள் நின்றாள். விளக்கை ஒட்டி, விறைத்துக்கொண்டு நின்றாள். வலது கை மட்டும் பக்கவாட்டில் தூக்கியிருந்தது.

"அம்மா, வராத."

"ஏன்டா தங்கம்?"

"ஒரு அக்கா எங் கையைப் பிடிச்சிருக்காக."

"எந்த அக்கா?"

"தெரியல. மூஞ்சியப் பொத்திக்கிட்டு நிக்கிறாக."

கந்தக நெடி அடித்தது.

"எப்ப வந்தாக?"

"மத்தியானம். பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டாக."

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"ஆ! வலிக்குதும்மா."

நின்றேன். பாம்பு வந்திருக்கிறதோ என்று மூலையெல்லாம் பார்த்தேன். கூரையைப் பார்த்தேன். வயர் எதுவும் அறுந்து தொங்கவில்லை. பானு நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. சிம்னி விளக்கு அசையாமல் எரிந்தது.

இன்னொரு அடி வைத்தேன்.

"அம்மா, வராதம்மா! நீ கிட்ட வந்தா இறுக்குறாக."

பின்னால் ஒரு அடி போனேன். "இப்ப?"

"இப்ப லேசா இருக்கு."

முன்னால் போனேன். பிள்ளை வலியில் முகத்தைச் சுளித்து அழுதாள்.

வேல்விழி பார்த்துப் பயந்தது என்னை.

குனிந்து என்னைப் பார்த்தேன். குளிக்கவில்லை. சேலை மாற்றவில்லை. கொசுவத்தில் இருந்து முந்தானை வரை வெள்ளி நிறப் பொடி அப்பியிருந்தது. கையை உதறினால் உதிரும். முந்தானை காற்றில் விளக்குப் பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பிடித்து அதைச் சுருட்டினேன்.

முதலில் முழங்கால் ஆடியது.

பிறகு பல் அடித்துக்கொண்டது. நெஞ்சு தொண்டைக்கு ஏறி வந்தது. ஐயோ, இன்னும் ஓரடி வைத்திருந்தால்! என் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று வந்திருந்தேன். தூக்கியிருப்பேன். விளக்கு பக்கத்திலேயே இருந்தது.

"பானு, அம்மா வெளிய போறேன். நீ பின்வாசல் வழியா ஓடிரு. விளக்கைத் தொடாத தாயி" என்றேன். குரல் என்னுடையது போலவே இல்லை.

பானு ஓடினாள். தூக்கிய கை முதலில் போனது, உடம்பு பின்னால் போனது. நான் ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போய் வாசலைத் தாண்டினேன். தொட்டித் தண்ணீரைச் சேலையோடு தலையில் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே கத்தினேன். ரூமுக்குள் இருந்த வேல்விழிக்காகவும் அந்தக் கட்டுவிரியனுக்காகவும் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. தெருவே கூடிவிட்டது. தேவமணி டீச்சர் ஜெபக் கூட்டத்தை விட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்.

"ஏன் இப்படி நடுங்குற? என்னம்மா ஆச்சு?"

"பயமா இருக்கு டீச்சர். பயமா இருக்கு."

"ஸ்தோத்திரம்!" என்று டீச்சரும் அழ ஆரம்பித்துவிட்டார். இவர் வந்து பார்த்தபோது நான் போர்வைக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "வந்துருச்சு, என் பேச்சிக்குப் பயம் வந்துருச்சு" என்று தெருவெல்லாம் சொன்னார். அன்றைக்கு ராத்திரி பானு என் வயிற்றுக்குள் முகத்தை வைத்துத் தூங்கினாள். அவள் மூச்சு விடுகிறாளா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. நான் கதவை மூடித் தாழ் போட்டுவிட்டேன். பயம் வந்தா வா என்று அண்ணாச்சி சொன்னார். பயம் வந்துவிட்டது, இனி அந்த வாசலை மிதிக்க முடியாது. "அண்ணாச்சிட்ட சொல்லிருங்க, நான் வரமாட்டேன்" என்று இவரிடம் சொல்லி அனுப்பினேன்.

பானுவுக்குத் தலை பின்னிப் பையை மாட்டினேன். மெயின் ரோட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம். பட்டாசு லோடு லாரிகள் கண்மண் தெரியாமல் போகிற ரோடு. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று எழுந்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

இறங்கியதும் அவள் வலது கை மேலே போனது.

பெரியவர்கள் கையைப் பிடித்து நடக்கிற பிள்ளைக்குக் கை எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அவ்வளவு உயரத்துக்கு. பக்கத்தில் யாரும் இல்லை. பானு அண்ணாந்து பார்த்து ஏதோ பேசிக்கொண்டே நடந்தாள்.

ரோட்டு ஓரத்துக்குப் போனாள். திருப்பத்தில் ஒரு லாரி ஹாரன் அடிக்காமல் வந்தது. எனக்குச் சத்தம் வரவில்லை.

பானுவின் கை வெடுக்கென்று பின்னால் இழுபட்டது. அவள் இரண்டு அடி பின்னே வந்து நின்றாள். லாரி அவள் பாவாடையை உரசிக் காற்றாகப் போனது.

புழுதி அடங்கியது. பானு இரண்டு பக்கமும் பார்த்தாள். கையைத் தூக்கியபடியே ரோட்டைத் தாண்டினாள்.

என் பிள்ளையை விடுடி என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.